சசிரேகா பஸ் ஏறிய காலை

சசிரேகாவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி சேரப்பணஞ்சேரியில் இருந்த அவளுடைய அம்மா வீட்டுக்கு அன்று மாலையே போய்விட்டது. யாரும் வரவில்லை. அவள் புருஷனோடு குடியிருந்த படப்பையிலிருந்து சேரப்பணஞ்சேரி ஒன்றும் தூரமில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார இடம் தேடுவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் அவள் இசக்கிபாண்டியைக் கட்டிக்கொண்ட அன்று அப்பா ரகுபதி வாசலில் நின்று, "எனக்குப் பொறந்தது ஒரே ஒரு பையன்தான்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தெற்கத்திக்காரன், வேறு சாதி. அம்மா கனகம் அப்போது உள்ளே அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை.

சசிரேகாவும் இசக்கிபாண்டியும் ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் கட்டித்தரும் ஒரு கம்பெனியில் பழகியவர்கள். அவள் வயர் கோர்க்கும் லைனில் நின்றாள். அவன் ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். கல்யாணத்துக்குப் பிறகு வேறொரு தொழிற்சாலைக்குக் காண்ட்ராக்ட்டில் மாறிக்கொண்டான். சிறு வயதிலேயே தாயை இழந்தவன். ஆக, பிரசவத்துக்குப் பிறகு சசிரேகாவின் பக்கத்தில் உட்கார இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை. ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இசக்கிபாண்டி லீவு போட்டு ரசம் வைத்தான், துணி துவைத்தான், குழந்தைக்குப் பூஜா என்று பேர் வைத்தான். லீவு முடிந்ததும் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

முதலில் போனது தூக்கம். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிக்கோ என்று எல்லோரும் சொன்னார்கள். பூஜா தூங்கினாள். சசிரேகா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். உடம்புக்குள் ஏதோ மோட்டார் ஓடுவதுபோல் இருந்தது. அப்புறம் பசி போனது. அப்புறம் அழுகை வந்தது. சோறு வடிக்கும்போது, குழந்தையின் துணியை அலசும்போது, எதற்கென்றே தெரியாமல் வந்தது. கொஞ்ச நாளில் அந்த அழுகையும் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையில் பயம் வந்தது. பூஜாவின் முகத்தைப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே அசையவில்லை. யாரோ ஒருத்தி தன் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வராததுபோல் இருந்தது.

ஆனாலும் பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், கழுத்து மடிப்பில் ஈரம் துடைத்தாள். எதிலும் குறை வைக்கவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அந்தக் காட்சி வந்தது. அவள் கை, கத்தி, பாயில் கிடக்கும் குழந்தை. கண் மூடித் திறக்கும் நேரம்தான். அவள் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். மறுநாள் மாடிப்படியில் நிற்கும்போது அதேபோல் இன்னொன்று வந்தது. பிறகு தண்ணீர் நிறைந்த பக்கெட்டைப் பார்த்தபோது. அவள் செய்ய விரும்பிய காரியம் அல்ல அது. ஆனால் இப்படியெல்லாம் யாருக்குத் தோன்றும்? பெற்ற தாய்க்குத் தோன்றுமா? கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றிக் கட்டி லாஃப்டில் ஏற்றினாள். குழந்தையை அறையின் ஒரு மூலையில் படுக்க வைத்துவிட்டு அவள் எதிர் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் சொல்லிப் பார்க்கவே இல்லை என்று இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்த புருஷனிடம் ஒரு நாள் சொன்னாள்.

"எனக்கு இன்னாவோ ஆவுதுங்க. பயமா கீது."

"என்ன பயம்?"

"தெர்ல. நான் நல்லால்ல."

அவன் பாதிக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "புள்ள பெத்த உடம்புல்லா, அப்படித்தான் இருக்கும். ரெண்டு மாசம் போனா சரியாயிரும். நீ ஒழுங்கா சாப்பிட மாட்டேங்க, அதான்." அன்று சாயங்காலம் வேலைக்குப் போகும்முன் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்குப் பிடித்த கடையில் நின்று வாங்கி வந்தான். அவள் அதைத் திறக்கவில்லை.

கீழ் வீட்டுக்காரி மீனம்மாள், வீட்டுக்குச் சொந்தக்காரி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பச்ச ஒடம்புக்காரி, கண்ணு பட்டுக்கீது" என்று உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள்.

தடுப்பூசி போடும் நாளில் சசிரேகா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். நர்ஸ் பூஜாவை எடை போட்டுப் பார்த்துச் சிரித்தாள். "வெயிட் சூப்பரா ஏறிக்கீது. தாய்ப்பால்தானே? நல்லா பாத்துக்கினு வர்றே." ஊசி போட்டாயிற்று. சசிரேகா ஸ்டூலைவிட்டு எழவில்லை. வெளியே வரிசையில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா, வேற எதனா கேக்கணுமா?"

சசிரேகா வாயைத் திறந்தாள். அடுத்த பெண் குழந்தையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம்."

நீ எப்படி இருக்கிறாய், தூங்குகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று பின்னால் அவள் சொன்னாள்.

லைனில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் பிரவீனா. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, குழந்தைக்கு ஒரு கவுனும் கையில் கொஞ்சம் அவரைக்காயுமாக வந்தாள். "சமையலே நான் பண்றேன், நீ குந்து" என்று அடுப்படிக்குப் போனாள்.

"கத்தி எங்கடி?"

"மேல போட்டுட்டேன்."

"மேலன்னா?"

"லாஃப்ட்ல. கொழந்த கீதே, அதான்."

பிரவீனா சிரித்தாள். "ஏய், அது இன்னும் பொரளவே இல்லியேடி." சசிரேகா சிரிக்கவில்லை. அவரைக்காயைக் கையாலேயே ஒடித்துப் போட்டுச் சமைத்தார்கள். பிரவீனா லைனில் நடந்த கூத்துகளையெல்லாம் சொன்னாள். சூப்பர்வைசர் வழுக்கி விழுந்ததைச் சொன்னாள். முன்பெல்லாம் சின்ன விஷயத்துக்கும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிப்பவள், சுவரைப் பார்த்தபடி "ம்" என்றாள். குழந்தை அழுதபோது போய் எடுத்தாள், பால் கொடுத்தாள், மறுபடி அந்தத் தூர மூலையில் படுக்க வைத்தாள். எடுத்ததிலிருந்து வைத்தது வரை ஒரு தடவைகூடக் குழந்தையிடம் பேசவில்லை.

போகிற வழியெல்லாம் பிரவீனாவுக்கு அந்தக் கத்தி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் இசக்கிபாண்டிக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணே, சசி சரியில்லண்ணே. டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டுங்க. மனசு டாக்டர்கிட்ட."

"என்னம்மா பேசுத? எம் பொண்டாட்டிக்குப் பைத்தியம்னு சொல்லுதியா?"

"அப்படிச் சொல்லலண்ணே…"

"தூக்கமில்லாம கிடக்கா, அவ்வளவுதான். நீ வேற கம்பெனில போயி எதையாவது பரப்பிராத." வைத்துவிட்டான்.

அது நடந்த வாரத்திலேயே அந்தக் காலை வந்தது. முதல் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் படப்பை நிறுத்தத்தில் நின்றபோது இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. ஏறியவர்களில் கடைசியாக சசிரேகா ஏறினாள். நீல யூனிஃபார்ம் சட்டை, ஷூ, தலையை இறுக்கி வாரிப் பின்னல். கழுத்தில் பழைய ஐடி கார்டு.

"ஏய் சசி! டூட்டில சேந்துட்டியா?" முன் சீட்டுப் பெண்கள் கூவினார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, பிரவீனாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

"இன்னாடி இது, இவ்ளோ சீக்கிரம்? கொழந்தைய யாருகிட்ட வுட்டே?"

"வூட்ல."

"அண்ணன் வந்துட்டாரா?"

"அவரு ஆறரை மணிக்கு வருவாரு."

பிரவீனா திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். சட்டையின் மார்பில் இரண்டு பக்கமும் பால் நனைந்து வட்டமாகக் கறுத்திருந்தது. "அப்ப கொழந்தகிட்ட யாரு கீறாங்க?"

சசிரேகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பூட்டிக்கினு வந்துட்டேன். அதுக்கு ஒண்ணும் ஆவாது. நான் வூட்ல இருந்தாதான் ஆவும்."

பிரவீனா எழுந்து முன்னால் ஓடினாள். "அண்ணா வண்டிய நிறுத்து!" டிரைவர், ஸ்டாப்பிங்கில்தான் நிறுத்துவேன் என்றார். அவள் கண்ணாடியைத் தட்டிக் கத்தினாள். "கைக்கொழந்த தனியா கீதுய்யா, நிறுத்துய்யா!" பஸ் சேரப்பணஞ்சேரி அருகில் ஓரம் கட்டியது. பிரவீனா சசிரேகாவின் கையைப் பிடித்து இறக்கினாள். இறங்கியதும் சசிரேகா ரோட்டோரத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரகுபதி வீட்டுப் பெண் என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் கிட்டே வரவில்லை.

இசக்கிபாண்டியின் ஃபோன் அடித்து அடித்து நின்றது. வேலை நடக்கும் இடத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் கிடந்திருக்கும். ஷேர் ஆட்டோ ஒன்றை மறித்து ஏறினார்கள். ஆட்டோவில் சசிரேகா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அழுதுக்கினு இருக்குமா?" பிரவீனா ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் தெரு கூடிவிட்டிருந்தது. வெகுநேரமாகக் குழந்தை கதறுவதைக் கேட்டு மேலே போன மீனம்மாள், வெளியே பூட்டு தொங்குவதைப் பார்த்துக் கூச்சல் போட, யாரோ பூட்டை உடைத்திருந்தார்கள். பூஜா மீனம்மாளின் தோளில் கிடந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போய், முகம் ரத்தச் சிவப்பாக, விக்கிக்கொண்டிருந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை.

"வந்துட்டா பாரு! சிங்காரிச்சிக்கினு எங்கடி போன? பெத்தவளா நீ?" என்றாள் மீனம்மாள். போலீசைக் கூப்பிடு என்றது ஒரு குரல். எவன்கூடவோ ஓடப் பார்த்தாள் என்றது இன்னொன்று. சசிரேகா படியில் நின்றாள். குழந்தையை வாங்கக் கை நீட்டவில்லை. அதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு இன்னும் கோபம் ஏறியது.

அந்த நேரத்தில்தான் இசக்கிபாண்டி ஷிஃப்ட் முடிந்து வந்தான். ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் எதையும் முழுதாகக் கேட்கவில்லை. நேராகப் போய் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. இரண்டாவது அடிக்கு அவன் கை ஓங்கியபோது பிரவீனா நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்காதண்ணே! அவ கொழந்தைய வுட்டுட்டு ஓடல. தன்கிட்டேர்ந்து அதைக் காப்பாத்தணும்னு ஓடிக்கீறா. புரியுதா ஒனக்கு?" "லாஃப்ட்ல ஏறிப் பாரு. வூட்ல இருக்கற கத்தியெல்லாம் எங்க கீதுன்னு பாரு."

அவன் ஏறிப் பார்த்தான். புடவை மூட்டையை அவிழ்த்து உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, அதைக் கையில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தான். வெளியே கூட்டம் மெல்லக் கலைந்தது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு மூன்று பேரும் குழந்தையோடு போனார்கள். மனநலப் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். இசக்கிபாண்டியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சசிரேகாவிடம் முதலில் கேட்டது, "கடைசியா எப்பம்மா நல்லா தூங்கினே?" என்பதுதான்.

சசிரேகா யோசித்தாள். "கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடி."

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"தோணுது."

"குழந்தைய ஏதாவது பண்ணிடுவோமோன்னு பயமா இருக்கா?"

சசிரேகா டாக்டரைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை இவ்வளவு சாதாரணமாக ஒருத்தி கேட்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். வெங்காயம் நறுக்கியது, மாடிப்படி, பக்கெட். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு வெகுநாளுக்குப் பிறகு அழுகை வந்தது. டாக்டர் முகம் சுளிக்கவில்லை.

"இப்படி நினைப்பு வர்றதால நீ கெட்டவ ஆயிட மாட்டே. இது வியாதி. உன்னை மாதிரி நிறைய பேர் வர்றாங்க. வராதவங்கதான் இன்னும் நிறைய."

இசக்கிபாண்டியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு, முற்றிய நிலை. மருந்தால் குணமாகும். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்தாகத்தான் தருவோம். ஆனால் தனியாக விடவே கூடாது. வார்டில் சேர்க்க வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட ஒரு பெண் இருக்க வேண்டும். "அவங்க வீட்டுல யாருக்காவது பிரசவத்துக்கு அப்புறம் இப்படி வந்திருக்கா? தெரிஞ்சா எங்களுக்கு உதவும்."

அவனுக்குத் தெரியாது. சசிரேகாவுக்கும் தெரியாது. அன்றைக்கு பிரவீனா தங்கினாள். அடுத்த நாளும் தங்கினாள். கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது; இனியும் வரவில்லையென்றால் வேலை இல்லை என்றார்கள். அவளுக்கும் வீட்டில் பிள்ளை இருந்தது. "நான் இன்னா பண்றதுண்ணே?" என்று கேட்டாள். அவன் எழுந்து சேரப்பணஞ்சேரிக்குப் போனான்.

மாமனார் வீட்டு வாசலில் அவன் நிற்பது அதுதான் முதல் தடவை. ரகுபதி கதவை முழுதாகத் திறக்கவில்லை. "இங்க உனக்கு யாரும் இல்ல. போ."

"எனக்கு வேண்டாம் மாமா. உங்க மகளுக்கு ஒரு ஆள் வேணும். ஆஸ்பத்திரில கிடக்கா. பெத்த புள்ளையத் தூக்கப் பயப்படுதா. உங்க வீட்டுல முன்ன யாருக்காவது இப்படி வந்திருக்கான்னு டாக்டரம்மா கேக்காங்க."

ரகுபதி கதவைச் சாத்தினார். ஆனால் உள்ளே நின்றிருந்த கனகத்துக்குக் கடைசி வார்த்தை கேட்டுவிட்டது. டீக்கடைக்காரன் மூலம் அந்தக் காலைச் செய்தி அவளுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இசக்கிபாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் அவள் ஒரு கட்டைப்பையோடு பின்னால் வந்துவிட்டாள்.

"போறதுன்னா அப்படியே போயிடுன்னாரு. வந்துட்டேன்" என்றாள்.

வார்டில் மகளைப் பார்த்ததும் அவள் அழுதாள், கட்டிப்பிடித்தாள். சசிரேகா கட்டைபோல் நின்றாள். மகளோடு டாக்டரிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் கனகம் பேசினாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா மேடம். மரகதம்னு பேரு. ரெண்டாவது பொண்ணு பொறந்து மூணு மாசம் இருக்கும். எந்நேரமும் சொவத்தப் பாத்துக்கினே குந்தினிருப்பா. புள்ளைய எடுக்க மாட்டா. பேய் புடிச்சிக்கீதுன்னு வேப்பெலையால அடிச்சாங்க. நானும் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன், சின்னப் பொண்ணு. ஒரு நாளு கொழந்தையோட கெணத்துல…" அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கால் வழுக்கிடுச்சின்னு சொன்னாங்க. இன்னிவரைக்கும் அப்படித்தான் சொல்றாங்க."

சசிரேகா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா ஒருத்தி இருந்தாள் என்பதே அவளுக்கு அன்றுவரை தெரியாது.

மருந்து உடனே வேலை செய்யவில்லை. முதலில் தூக்கம் மட்டும் வந்தது. கனகம் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் குழந்தையோடு படுத்துக்கொண்டாள். பால் கொடுக்கும்போது மட்டும் மேலே தூக்கிக் கொடுத்தாள். சில நாள் சசிரேகா, "அதை எடுத்துக்கினு போ, என்கிட்ட வைக்காத" என்று கத்தினாள். ஒரு நாள் குளியலறைக்குப் போனவள் வெளியே வர நேரமாகிவிட, கனகமும் வார்டு ஆயாவும் கதவை இடித்துத் திறந்தார்கள். உள்ளே அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரம் டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார்.

இசக்கிபாண்டி பகல் ஷிஃப்ட் கேட்டான். காண்ட்ராக்டர் முடியாது என்றார். வேலையை விட்டுவிட்டு மறைமலை நகரில் ஒரு குடோனில் சேர்ந்தான். பகல் வேலை, மூட்டை தூக்கும் வேலை. பார்க்க வரும்போதெல்லாம் வார்டுக்கு வெளியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னான்.

"அடிச்சிருக்கக் கூடாது."

அவள் சொன்னாள். "அதைவுட, நான் மொதல்ல சொன்னப்ப நீ கேட்டிருக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வார்த்தை இருவருக்கும் நடுவில் இருந்தது. ரொம்ப நாள் இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகிப் படப்பைக்கு வந்தபோது மீனம்மாள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். சர்ச் பக்கத்தில் பிரவீனா ஒரு அறை பார்த்துக் கொடுத்தாள். கனகம் அவர்களோடேயே இருந்தாள். ஒரு தடவை படப்பை மார்க்கெட்டில் ரகுபதியைப் பார்த்தாள். அவர் காய் வாங்குவதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. மாதம் ஒரு முறை செங்கல்பட்டுக்குப் போகிறார்கள். சசிரேகாவைக் குழந்தையோடு தனியாக விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கனகம் கடைக்குப் போனால் இன்னும் பாதி வழியில் திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறாள். சசிரேகாவுக்கு அது தெரியும். வலிக்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம். பூஜாவுக்குப் பல் முளைக்கிற நேரம், காலையிலிருந்து சிணுங்கல். தோளில் போட்டால் அழுகை, கீழே விட்டால் அழுகை, பாலுக்கும் மசியவில்லை. கனகம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சசிரேகாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "ஏய், வாய மூடுடி கொஞ்ச நேரம்! காதே போச்சு!" என்று கத்திவிட்டாள்.

கத்தியதும் திடுக்கிட்டு நின்றாள். அந்தக் காட்சிகள் வரப்போகின்றன என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. வெறும் கோபம்தான். அழுகிற பிள்ளையைப் பார்த்து எல்லா அம்மாக்களுக்கும் வருகிற கோபம். பூஜா மூக்கு ஒழுக அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

குடத்தோடு வந்த கனகம் வாசலிலேயே நின்றாள். "இன்னா ஆச்சு? கத்தற சத்தம் கேட்டுச்சு."

"ஒண்ணும் ஆவல. தலைய வலிக்கிது இவளோட. நீ செத்த புடி" என்று குழந்தையை அம்மாவிடம் நீட்டிவிட்டு, சசிரேகா பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள்.